மிச்ச 98 எங்கே?

'பசுமை விமானம்' என்ற விளம்பரத்துக்குக் கைதட்டுமுன், பிள்ளைகளுக்குச் சதவீதம் படிப்பிக்கும் நாங்கள் ஒரு கணக்குப் போடுகிறோம்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, 2025இல் விமான எரிபொருளில் குறைந்தது 2 சதவீதம் பசுமை எரிபொருளாக இருக்க வேண்டும். 2030இல் 6. மிச்சமெல்லாம் பழைய மண்ணெண்ணெய்தான்!

அந்த 2ம் எதிலிருந்து? பெரும்பாலும் பாவித்த சமையல் எண்ணெய். அதிலும் பெருமளவு சீனா, மலேசியாவிலிருந்து இறக்குமதி. புது பாம் எண்ணெயையே 'பாவித்தது' என்று விற்கிறார்களோ என்ற சந்தேகம் ஐரோப்பாவிலேயே எழுந்துவிட்டது. காட்டை அழித்து நட்ட எண்ணெய்க்குப் பசுமை என்று பெயரா?

உலகமே பொரித்துத் தின்றாலும் விமானங்களுக்கு அந்த எண்ணெய் காணாது. காற்று, சூரிய மின்சாரத்தில் செய்யும் எரிபொருளுக்குக் காசைப் போடுங்கள். குறுந்தூரத்துக்கு ரயில் விடுங்கள்.

2ஐக் காட்டி 98ஐ மறைக்காதீர்கள். எங்கள் வகுப்பில் அதற்குப் புள்ளி கிடையாது.