செயற்கைக்கோளும் மீன்பாடும்

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குக் கிளம்பும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறந்துவிடாதபடி வளைந்து செல்கிறது. அந்த வளைவுக்குச் செலவாகும் எரிபொருள், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்குப் பெரிய இழப்பு. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல். நேராகச் செல்லலாம், அதே ராக்கெட்டில் கூடுதல் எடை ஏற்றலாம். இது இஸ்ரோவுக்குக் கிடைக்கும் லாபம். நிலம் தந்த மாவட்டத்தின் மக்களுக்கு விண்வெளித் திட்டத்தால் என்ன லாபம் என்பதை, செயற்கைக்கோள்கள் தரும் தகவல் பயன்படும் கடலில்தான் தேட வேண்டும்.

முதல் லாபம் டீசலில் இருக்கிறது. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 செயற்கைக்கோள் கடல்நீரின் நிறத்தை அளக்கிறது. நுண்பாசி செழித்த இடத்தில் நீர் பசுமை கூடித் தெரியும். குளிர்ந்த நீரும் வெப்பமான நீரும் சந்திக்கும் எல்லையைக் கடல்மேற்பரப்பு வெப்பநிலை காட்டிக்கொடுக்கும். பாசி உள்ள இடத்துக்குச் சிறுமீன் வரும். அதைத் தின்னப் பெருமீன் வரும். நிறம், வெப்பநிலை ஆகிய இரு தகவல்களையும் சேர்த்து, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய இடங்களைக் கணித்து, கரையிலிருந்து திசை, தொலைவு, ஆழம் ஆகியவற்றுடன் தமிழிலும் வெளியிடுகிறது. சூரை, சாளை போன்ற மேல்மட்ட மீன்களுக்கு இது நன்றாகவே உதவுகிறது. தேடி அலையும் நேரம் குறைந்தால் எரிபொருளும் மிச்சம். மேகம் மூடிய நாட்களில் மட்டும் செயற்கைக்கோளால் கடல்நீரின் நிறத்தைப் பார்க்க முடியாது. அப்போது நீரோட்டமும் காற்றும் பார்த்துப் பழகிய மீனவரின் கணிப்பே துணை.

இரண்டாவது லாபம் உயிர். இன்சாட் வரிசை வானிலைச் செயற்கைக்கோள்கள் வங்கக்கடலையும் மன்னார் வளைகுடாவையும் இரவு பகலாகப் படம் பிடிக்கின்றன. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் உருவானபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த படகுகள் செல்போன் அலை எட்டாத ஆழ்கடலில் இருந்தன. கரையில் வெளியான எச்சரிக்கை படகில் இருந்த மீனவர்களை அடையவில்லை. அந்தப் பாடத்துக்குப் பின், 2019இல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக வரும் எச்சரிக்கையை அது மீனவரின் செல்போனுக்கு மாற்றித் தரும். பதில் அனுப்ப முடியாது. அந்தக் குறையைப் போக்கும் இருவழித் தகவல் கருவியை, அதாவது டிரான்ஸ்பாண்டரை, கடலோர மாநிலங்களில் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

தூத்துக்குடி மாவட்டத்தின் உப்பளங்களுக்கும் முன்னெச்சரிக்கைதான் லாபம். பாத்தியில் உப்பு விளைந்து நிற்கும்போது பெய்யும் ஒரு மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். ஒரு நாள் முன்னால் தெரிந்தால் வாரிக் குவித்து மூடிவிடலாம். இருந்தாலும் வானிலைக் கணிப்புக்கு எல்லை உண்டு. 2023 டிசம்பரில் இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு பெய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. விண்ணில் கண் இருந்தால் மட்டும் போதாது. தரையில் ரேடார்களும் மழைமானிகளும் நெருக்கமாக இருக்க வேண்டும், குளங்களும் கால்வாய்களும் சீராக இருக்க வேண்டும்.

ஆக, தகவல் விண்ணிலிருந்து தரைக்கு விரைவாக வந்துவிடுகிறது. தரையிலிருந்து வல்லத்துக்கும் உப்பளத்துக்கும் போய்ச்சேரும் கடைசித் தொலைவில்தான் பயன் கூடுவதும் குறைவதும். அந்தத் தொலைவைக் கடக்க வைப்பது அரசுகளின் பொறுப்பு. டிரான்ஸ்பாண்டர் பொருத்தினால் போதாது. பழுது பார்க்கும் வசதி மீன்பிடித் துறைமுகத்திலேயே வேண்டும். நாட்டுப்படகுகளையும் விட்டுவிடக் கூடாது. ராக்கெட் ஏவும் நாட்களில் பாதுகாப்புக்காகக் கடலின் ஒரு பகுதி மூடப்படும். அந்தத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்து, தொழில் இழப்புக்கு ஈடு தர வேண்டும். ஏவுதளத்தின் வேலைவாய்ப்பில் சுற்றுவட்டார இளைஞர்களுக்கு இடம் கிடைக்க, அதற்கான தொழிற்பயிற்சியை இப்போதே தொடங்க வேண்டும்.