மாவு வண்டுக்கு மாத்திரை வேண்டாம்

கரும்பு ஆலைக்குப் போய்விடும். நெல்லும் நிலக்கடலையும்தான் வீட்டுக்கு வரும். திருத்தணி வட்டாரச் சிறு விவசாயி அதில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை விதைக்கும் ஒதுக்கி, மீதியை விலை ஏறும்போது விற்கலாம் என்று இருப்பு வைக்கிறார். இரண்டு மூன்று மாதங்களில் மூட்டையின் ஓரத்தில் சிறு சிவப்பு வண்டுகள் ஊரத் தொடங்குகின்றன. உடனே இரண்டில் ஒன்று நடக்கிறது. வந்த விலைக்கு விற்றுவிடுகிறார்; அல்லது யாரிடமோ சொல்லி நச்சு மாத்திரை வாங்கி மூட்டைக்குள் போடுகிறார். முன்னதால் பணம் நட்டம். பின்னதால் உயிருக்கே ஆபத்து. இரண்டுமே தேவையில்லை.

வண்டை அறிதல்

இதன் பெயர் சிவப்பு மாவு வண்டு. செம்பழுப்பு நிறமும் தட்டையான உடலும் கொண்டது. நீளம் 3 முதல் 4 மில்லி மீட்டர். தலையில் நீண்ட மூக்கு இருந்தால் அது அரிசிக் கூன்வண்டு. மாவு வண்டுக்கு அத்தகைய மூக்கு கிடையாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்து கொள்வது அவசியம். கூன்வண்டு முழு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும். மாவு வண்டு நல்ல முழு மணியை ஒன்றும் செய்யாது. நொய், தவிடு, மாவு, புண்ணாக்கு, உடைந்த கடலைப் பருப்பு, மற்ற பூச்சிகள் கடித்து உதிர்த்த தூள் ஆகியவையே இதன் உணவு.

ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் 300க்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். முட்டையின் மேல் மாவு ஒட்டிக் கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. புழு இளமஞ்சள் நிறமாக, வால் நுனியில் இரண்டு சிறு முட்களுடன் இருக்கும். நம் ஊர் வெயில் காலத்தில் முட்டை முழு வண்டாக ஏறத்தாழ ஒரு மாதமே போதும். வண்டோ ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். வண்டு பெருகினால் அதன் உடல் கசிவால் மாவு இளஞ்சிவப்பாக மாறி நெடி அடிக்கும். அந்த மாவை உண்ணக் கூடாது.

ஆகவே, நெல் மூட்டையில் மாவு வண்டைக் கண்டால் குறை வேறு இடத்தில் இருக்கிறது என்று பொருள். நெல் சரியாகக் காயவில்லை, தூற்றவில்லை, அல்லது வேறு பூச்சி முன்பே நுழைந்து தூள் உண்டாக்கிவிட்டது. அதைச் சரிசெய்யாமல் வண்டை மட்டும் கொல்ல நினைப்பது வீண் வேலை.

மாத்திரை ஏன் கூடாது?

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை வெளிவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. நிபுணர் மேற்பார்வையில், காற்றுப் புகாத மூடாக்கின் கீழ் கையாள வேண்டிய பொருள் அது. குடும்பம் படுத்துறங்கும் வீட்டில் அதற்கு இடமில்லை. சாக்கின் இடுக்குகளில் வாயு கசிந்துவிடுவதால் வண்டு முழுவதும் சாவதில்லை. தப்பிய வண்டுகளின் வாரிசுகள் மருந்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1972-73ல் நடத்திய ஆய்விலேயே மாலத்தியானைத் தாங்கும் மாவு வண்டுகள் பல நாடுகளில் காணப்பட்டன. இன்று பாஸ்பீனைத் தாங்கும் வண்டுகளும் இந்தியாவில் உள்ளன.

செய்ய வேண்டியவை

நெல்லை ஈரப்பதம் 12 முதல் 13 சதவீதம் வரும்வரை காயவைத்து, தூற்றி, பதரும் தூசியும் நீக்கி மூட்டை கட்ட வேண்டும். நிலக்கடலையைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஒலி கேட்குமளவு காயவைத்து, ஓட்டோடு வைப்பதே நல்லது. உடைத்த பருப்பை மாவு வண்டு எளிதில் தாக்கும். ஆடிப்பட்டத்துக்கான விதைக் கடலையை விதைப்புக்குச் சில நாள் முன்பு உடைத்தால் போதும்.

தவிடு, புண்ணாக்கு மூட்டைகளை நெல் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. மாவு வண்டின் பிறப்பிடம் பெரும்பாலும் அந்த மூட்டைகளே. பழைய சாக்கும் வண்டைச் சுமந்து வரும். திருத்தணி 1960 ஏப்ரல் 1ல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும் இருபுறச் சந்தைத் தொடர்பு நிற்கவில்லை. இந்தப் பக்கச் சாக்காயினும் அந்தப் பக்கச் சாக்காயினும், கொதிநீரில் நனைத்து வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும்.

மாவைச் சலித்தால் வண்டும் புழுவும் சல்லடையில் தங்கும். முட்டை மாவோடு கீழே போய்விடும். எனவே கிருத்திகை விருந்துக்கென்று மொத்தமாக அரைத்து வைக்காமல், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, இறுக மூடும் பாத்திரத்தில் வைப்பது நலம். பழைய மாவு ஒட்டிய பாத்திரத்தில் புது மாவைக் கொட்டக் கூடாது.

வண்டு வந்துவிட்டதா என்று முன்கூட்டியே அறிய, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளையிட்ட குழாய்ப் பொறி உள்ளது. தானியத்துக்குள் செருகினால் அலையும் வண்டுகள் துளை வழியே விழுந்து சிக்கும். இதுபற்றித் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம்.

விளைச்சலைப் பெருக்க எத்தனையோ கூட்டங்கள் நடக்கின்றன. விளைந்ததைக் காப்பது பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும். வீட்டில் தானியத்தைப் பேணுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். செயல்விளக்கங்களுக்கு அவர்களையே முதலில் அழைக்க வேண்டும். இருப்பு கெடாது என்ற உறுதி இருந்தால்தான் சிறு விவசாயி நல்ல விலை வரும்வரை காத்திருக்க முடியும். அந்த உறுதியை வெயிலும் முறமும் சுத்தமான சாக்குமே தரும்.