மேலே நிலையம், கீழே கால்வாய்

சீனன்குடாவில் புகையிரதம் நிலத்தோடு நிலமாகவே ஓடுகின்றது. 1927ஆம் ஆண்டில் கல்லோயாச் சந்தியிலிருந்து திருக்கோணமலைக்குப் பாதை அமைத்தவர்களுக்கு இடம் ஒரு கவலையாக இருக்கவில்லை. காட்டை வெட்டினார்கள், தண்டவாளத்தைக் கிடத்தினார்கள். இன்றும் மூட்டை சுமந்து வரும் முதியவர் பல மாடி ஏறாமலே வண்டியை அடைந்துவிடுகிறார்.

பெருநகரங்களுக்கு இந்த வசதி இல்லை. நெருங்கிய வீதிகளின் நடுவே பாதை போட்டால் வீடுகளை இடிக்க வேண்டும். கடவைதோறும் வாகனங்கள் காத்து நிற்க வேண்டும். சுரங்கம் தோண்டுவதோ பெருஞ் செலவு. ஆகவே தூண்களை நிறுத்தி, வீதிக்கு மேலே ரயிலை ஓட்டினார்கள். சிக்காகோவில் 1892இல் உயர்பாதை ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் லிவர்பூல் துறைமுகத்தின் ஓரமாக மின்சார உயர்பாதை ஒன்று திறக்கப்பெற்று, 1956 வரை கப்பல் துறைத் தொழிலாளரைச் சுமந்தது.

நமக்கு அண்மையிலுள்ள சான்று சென்னை. அங்குள்ளவர்கள் அதனைப் 'பறக்கும் ரயில்' என்று செல்லமாக அழைப்பர். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997இல் திருமயிலை வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் அது படிப்படியாக நீண்டது. சிந்தாதிரிப்பேட்டையை அணுகும்போது பாதை மண்ணை விட்டு எழுகின்றது.

உயர்ந்த நிலையம் ஒன்றின் அமைப்பை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் வாயில், அதற்கு மேல் பயணச்சீட்டு வழங்கும் கூடம், உச்சியில் மேடையும் தண்டவாளமும். வெறும் பாதையைத் தாங்கும் தூண்கள் ரயிலின் பாரத்தைத் தாங்கினாற் போதும். நிலையத்தின் தூண்களோ மேடையையும் கூரையையும் கூடிநிற்கும் மக்களையும் சேர்த்துத் தாங்க வேண்டும். ஓடிவரும் வண்டி தடைபோட்டு நிற்கையில், அதன் வேகம் தூண்களை முன்னோக்கித் தள்ளுகின்றது. அந்தத் தள்ளலுக்கும் அவை ஈடுகொடுக்க வேண்டும். எனவேதான் நிலையத்தின் அடியில் தூண்கள் தடித்தும் செறிந்தும் நிற்கின்றன.

இத்தனை தூண்களுக்குச் சென்னையில் இடம் எங்கே கிடைத்தது? பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயில். அக்கால்வாயின் கதை துயரமானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அக்காலத்திலே, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக ஏழைகள் வெட்டினார்கள். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குக் கிடைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் ஓடிய அந்நீர்வழி, பின்னர் சாக்கடையாகச் சீரழிந்தது. வீடுகளை இடிக்காமல் ரயில் விடுவதற்கு அதுவே எளிய வழியாகத் தோன்றியது. கால்வாயிலேயே தூண்கள் ஊன்றப்பட்டன. நீர் செல்லும் வழி குறுகியது. மழைநீர் வடிய வேண்டிய தாழ்ந்த நகருக்கு இஃது இழப்பன்றோ!

ஜெர்மனியின் வூப்பர்டால் நகரிலும் இதே சிக்கல் இருந்தது. குறுகிய பள்ளத்தாக்கு, நடுவே வூப்பர் ஆறு. 1901இல் திறந்த பாதையில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் ஆற்றின் மேலேயே செல்கின்றது. ஆனால் அங்கே இரும்புச் சட்டங்களின் கால்களை இரு கரைகளிலும் அகற்றி ஊன்றி, வண்டியை மேலிருந்து தொங்கவிட்டார்கள். ஆறு தன் வழியே போகின்றது. சென்னையின் கனத்த ரயிலைத் தொங்கவிட்டிருக்க முடியாது என்பது உண்மையே. எனினும், கீழேயுள்ள நீரையும் திட்டத்தில் ஓர் உறுப்பாக எண்ணியவர்கள் அவர்கள்.

சென்னை நிலையங்கள் தரும் பாடம் இன்னொன்றும் உண்டு. கடைகளுக்கென விரித்துக் கட்டிய தளங்கள் பல நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. கட்டடம் மிகப் பெரிது. ஆயினும் பேருந்தில் வந்திறங்குபவர் ரயில் மேடையை அடைய நெடுந்தூரம் நடந்து, பல படிகள் ஏற வேண்டும். நிலையத்தை உயரத்தில் வைப்பவர், அங்கே ஏற முடியாதவரை முதலில் நினைத்தல் வேண்டும். மின்தூக்கியும் நகரும் படியும் அங்கே ஆடம்பரம் அல்ல. அவை பழுதின்றி இயங்கினால்தான் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் அது நிலையமாகும்.

இவை நமக்குத் தொலைவான செய்திகள் அல்ல. கொழும்புக் கோட்டையிலிருந்து மாலபே வரை, ஜப்பானியக் கடனுதவியுடன் 16 நிலையங்கள் கொண்ட இலகு ரயில் உயர்பாதை ஒன்று திட்டமிடப்பட்டு, 2020இல் கைவிடப்பட்டது. நெரிசல் கைவிடப்படவில்லை. ஆகவே அந்தக் கேள்வி என்றேனும் மீண்டும் எழும். அந்நாளில் வரைபடத்தின் முன் அமரும் பொறியியலாளர் இன்று இதனைப் படிக்கும் மாணவர் ஒருவராக இருக்கலாம். தூண் நிற்கும் இடத்தில் நீர் எவ்வழி ஓடும், மூட்டை சுமந்த முதியவர் எவ்வழி ஏறுவார் என்னும் இரு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே அவர் முதற் கோட்டை வரைவாராக.