வெப்பமானி காட்டுவது யாருடைய வெப்பநிலை?

நமக்கு வரும் கட்டுரைகளில் செய்முறைப் பகுதி பெரும்பாலும் ஒரே வரியில்தான் தொடங்குகிறது: அளவீடுகள் 10 மில்லிகெல்வினில் எடுக்கப்பட்டன. எங்கே 10 மில்லிகெல்வின்? டைல்யூஷன் ஃபிரிட்ஜின் மிக்சிங் சேம்பரில் திருகி வைத்த வெப்பமானியில். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, சிப்பின் மேல் ஓடும் எலெக்ட்ரான்களும் அந்த அளவுக்குக் குளிர்ந்தனவா என்ற பேச்சே இருப்பதில்லை.

பல நேரங்களில் அவை குளிர்வதில்லை. காரணம் எல்லோரும் படித்ததுதான். எலெக்ட்ரான்கள் தம் வெப்பத்தைப் படிக அணிக்கு ஃபோனான் வழியாகக் கொடுக்கின்றன. சாதாரண உலோகத்தில் அந்தக் கொடுக்கல் வெப்பநிலையின் ஐந்தாம் அடுக்கில் ஏறி இறங்கும். வெப்பநிலை பத்தில் ஒன்றானால், வெளியேறும் வெப்பம் லட்சத்தில் ஒன்று. செம்புக்கான கெழு, கன மீட்டருக்கு, கெல்வினின் ஐந்தாம் அடுக்குக்குச் சுமார் 200 கோடி வாட். ஏதோ பெரிய எண் போலத் தெரியும். ஒரு கன மைக்ரோமீட்டர் செம்புத் தீவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃபோனானைத் தவிர வேறு வழி இல்லையென்றால், 20 ஃபெம்டோவாட் உள்ளே வந்தாலே போதும். சிப் 10 மில்லிகெல்வினில் இருக்க, எலெக்ட்ரான்கள் 100 மில்லிகெல்வினில் நின்றுவிடும். அவ்வளவு திறன் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள், அறையிலிருந்து ஃபிரிட்ஜுக்குள் இறங்கும் வயர்களை ஒருமுறை எண்ணட்டும்.

2025இல் நோபல் பரிசு பெற்ற கிளார்க், டெவோரே, மார்டினிஸ் மூவரும் 1980களின் நடுவில் பெர்க்லியில் இதே சிக்கலைத்தான் எதிர்கொண்டார்கள். ஜோசப்சன் சந்தி மின்னழுத்தமற்ற நிலையிலிருந்து தப்பும் வேகம், குளிர்விக்கக் குளிர்விக்கக் குறைந்து, ஓரிடத்தில் மாறாமல் நின்றது. குவாண்டம் டனலிங் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். ஆனால் வயர் வழியே இறங்கும் இரைச்சலும் அதே தோற்றத்தைத் தரும். செப்புத்தூள் வடிகட்டிகளோடு அவர்கள் திருப்தி அடையவில்லை. காந்தப்புலத்தால் அதே சந்தியின் மாறுநிலை மின்னோட்டத்தைக் குறைத்து, டனலிங் தொடங்கும் வெப்பநிலையைக் கீழே தள்ளினார்கள். இப்போது தப்பும் வேகம் வெப்பமானியை ஒட்டியே இறங்கியது. இரைச்சல்தான் காரணம் என்றால், இந்த அளவீடும் அதே இடத்தில் நின்றிருக்கும். அந்த ஆய்வின் உயிரே இந்த இரண்டாவது வரைகோடுதான் என்பது என் எண்ணம். இன்று எத்தனை கட்டுரைகளில் அப்படியொரு வரைகோடு இருக்கிறது?

கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. யூவாஸ்குலாவில் பெக்கோலா குழு 1994இல் கொண்டுவந்த கூலூம் தடை வெப்பமானிக்கு முன்னளவீடு தேவையில்லை. மின்கடத்தலில் விழும் பள்ளத்தின் அகலமே வெப்பநிலையைச் சொல்லிவிடும். ஆனால் அது சொல்வது தன் எலெக்ட்ரான்களைப் பற்றி, பக்கத்துச் சாதனத்தைப் பற்றி அல்ல. குவாண்டம் புள்ளியில் வேலை செய்பவர்களுக்கு அதுகூட வேண்டாம். தளர்ந்த இணைப்பில், ஒற்றை மட்டத்தின் வழியே எழும் கூலூம் முகட்டின் பாதி உயர அகலம் சுமார் 3.5 கேடி, 100 மில்லிகெல்வினில் 30 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட். இணைப்பு இறுகினால் முகடு வேறு காரணத்தால் அகலும், அப்போது இந்த வழி உதவாது.

எனவே எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். மிக்சிங் சேம்பரின் எண்ணோடு எலெக்ட்ரான் வெப்பநிலையையும், அதை அளந்த விதத்தையும், வயர்களில் எந்த வடிகட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அளக்க வழியில்லாத சாதனம் என்றால், அளக்கவில்லை என்றே எழுதுங்கள். அதற்காக எந்தக் கட்டுரையையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.