ஏக்கப் பாட்டும் ஏழையின் கூலியும்

மாலை ஆறு மணி. பாகூர் ஏரிக்கரை வழியே கரும்பு வெட்டிய தொழிலாளி வீடு திரும்புகிறான். தொழிற்சாலை விட்டு வில்லியனூர் நோக்கி இன்னொருவன் மிதிவண்டி மிதிக்கிறான். இருவர் மடியிலும் கூலிப் பணம். இருவர் வாயிலும் ஒரே பாட்டு: ஆசைப்பட்டேன், அழிந்தேன், எல்லாம் விதி என்ற பாட்டு! பாட்டு முடிவதற்குள் சாராயக்கடை வந்துவிடுகிறது.

பாட்டைப் பழிக்க நாம் வரவில்லை. ஆசை மனிதனுக்கு இயற்கை. தவறியவன் வருந்துவதும் இயற்கை. கண்ணதாசன் ஆசையையும் அதன் வீழ்ச்சியையும் எத்தனையோ பாட்டுகளில் எழுதினார். தம் தவறுகளை ‘வனவாசம்’ நூலில் மறைக்காமல் எழுதியவர் அவர். அந்த நேர்மைக்கு நம் வணக்கம்.

ஆனால் நாம் கேட்கிறோம்: அழுது முடித்த பிறகு என்ன?

1953இல் ‘தேவதாஸ்’ வந்தது. கண்டசாலாவின் குரலில் குடிகாரக் காதலன் பாடினான். நாடே கண்ணீர் வடித்தது. தோழர்களே, அந்தத் தேவதாஸ் யார்? ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை! அவன் குடித்து மடிந்தான். அதனால் அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. நம் தோழன் குடித்து மடிந்தால்? மனைவி நாற்று நடப் போகவேண்டும். மகன் பள்ளியை விட்டு நிற்கவேண்டும். ஜமீன்தார் வீட்டுத் துக்கத்தைக் கூலிக்காரன் கடன் வாங்கலாமா?

துக்கத்தால் லாபம் யாருக்கு? 1948 முதல் 1971 வரை தமிழகத்தில் மதுவிலக்கு; புதுவையிலோ கடை திறந்தே கிடந்தது. தென்பெண்ணையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கத்து ஆட்களும் குடிக்க வந்தார்கள். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று, சாராயக்கடை போகவில்லை. பின்வந்த ஆட்சிகளும் கடைகளை ஏலம் விட்டன. ஏலம் எடுத்தவன் போட்ட முதலை எங்கே எடுப்பான்? உன் மடியில்தான்! விதி என்று பாடுவது நீ. அவனுக்கு விதி கிடையாது, கணக்கு உண்டு.

நமக்கும் ஒரு கவிஞன் இருந்தான். புதுவையில் பாவேந்தர் பாரதிதாசனிடம் தமிழ் பயின்ற பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1959இல், 29 வயதில் மறைந்தான். அவன் மறைவுக்குப் பின் 1961இல் வந்த ‘திருடாதே’ படத்தின் பாட்டை நினைத்துப் பாருங்கள். அதுவும் சபலத்தைப் பற்றியதுதான். தவறியவனை அழச் சொன்னானா? இல்லை. சிந்தி, மாறு, மீண்டும் அது நேராமல் பார்த்துக்கொள் என்றான். சட்டம் மட்டும் திருட்டை ஒழிக்காது, திருடுகிறவன் மனம் மாறவேண்டும் என்றான். அதோடு நின்றானா? எல்லாம் பொதுவாகிவிட்டால் பதுக்கலுக்கே இடமில்லை என்றும் சொன்னான். மனமும் மாறவேண்டும், சமுதாயமும் மாறவேண்டும். வருத்தம் அங்கே உறுதியாகிறது!

1936 ஜூலை 30இல் புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் குண்டுக்கு இரையானார்கள். 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. நம் மாலைப் பொழுது சும்மா கிடைத்ததல்ல; இரத்தம் கொடுத்து வாங்கியது. அதைக் கொண்டுபோய்ச் சாராயக்கடையில் கொட்டவா?

பாடு, தோழா, பாடு! ஏக்கத்தையும் பாடு. ஆனால் பாட்டு முடியும்போது நீ நிற்கவேண்டிய இடம் கடைவாசல் அல்ல. உன் வீட்டு வாசல்!