'சக்கர்' என்றால் சர்க்கரை அன்று



சில மாதங்களுக்கு முன், நம் மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவரை நலம் விசாரிப்பதற்காக அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். எந்த மருத்துவமனை என்பது இங்கு முக்கியமன்று. புறநோயாளிகள் பகுதியில், பீகாரிலிருந்து வந்து விசைத்தறிக் கூடம் ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், சுவரில் தலை சாய்த்து அமர்ந்திருந்தார். உடன் வந்த மேஸ்திரிக்கு இந்தி அரைகுறை. இளைஞர் திரும்பத் திரும்பச் சொன்னவை இரண்டே சொற்கள்: 'சக்கர்', 'கல் ஸே'.

முதல் சொல்லைச் சர்க்கரை என்று கொண்டார்கள். விரலில் குத்திச் சோதித்தார்கள். அளவு சரியாகவே இருந்தது. இரண்டாவது சொல்லைச் சிறுநீரகக் கல் என்று கொண்டார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுநாள் காலை வெறும் வயிற்றுடன் ஸ்கேனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

உருதுவோ இந்தியோ அறிந்தவருக்கு இதைக் கேட்டவுடன் உள்ளம் பதறும். 'சக்கர்' என்பது தலைசுற்றல். 'கல் ஸே' என்பது நேற்று முதல். நாம் அருகில் சென்று விசாரித்தபோதுதான், முந்தைய நாள் இரவு அவர் வழுக்கி விழுந்து பின்மண்டையை இரும்புச் சட்டத்தில் மோதிக்கொண்டதும், அதன் பின் மூன்று முறை வாந்தி எடுத்ததும் தெரியவந்தன. இதைக் கேட்ட மருத்துவரின் முகமே மாறிவிட்டது. தலையை ஸ்கேன் எடுக்க உடனே ஆம்புலன்ஸில் ஈரோட்டுக்கு அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ், அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார்.

அந்தச் செவிலியரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஒருவராக நின்று நாற்பது பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்த சொல்லுக்குத் தம் மொழியில் எது பொருளோ அதையே அவர் எடுத்துக்கொண்டார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

இத்தகைய பிழை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கியூபா நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். உண்ட உணவு ஒவ்வாமல் போயிற்று என்ற பொருளில் குடும்பத்தார் 'இன்டாக்ஸிகாடோ' என்னும் ஸ்பானியச் சொல்லைக் கூறினர். மருத்துவர்களோ அதை ஆங்கிலச் சொல்லாகக் கொண்டு, போதைமருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டவர் என்று முடிவு செய்தனர். உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு. உரிய சிகிச்சை தாமதமானதால் கைகால்கள் செயலிழந்தன. இழப்பீடு ஏறத்தாழ 7 கோடி டாலர் வரை சென்றது. இலத்தீன் அமெரிக்க மக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஏன் தேவை என்று அந்நாட்டில் பேசுவோர் இன்றும் இந்த ஒரு சொல்லை எடுத்துக்காட்டுகிறார்கள். 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் வழியே அங்கு வந்த விதிகள், அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் கட்டணம் வாங்காமல் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்கின்றன. அவசர நிலையில் அன்றிச் சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்றும் கூறுகின்றன.

நம் நாட்டிலும் வழிகாட்டுதல்கள் இல்லாமல் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில் 17 உரிமைகள் உள்ளன. ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும், மதம், மொழி போன்றவற்றால் பாகுபாடு கூடாது என்பதும் அவற்றுள் அடங்கும். நம் சகோதரிகளில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? ஹிஜாபை அகற்றச் சொன்னால் கூச்சத்தோடு அகற்றுகிறார்கள். இல்லையேல் அடுத்த முறை மருத்துவமனைக்கே செல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டாவது வகையினரே நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறார்கள். "பெண் செவிலியர் ஒருவர் உடனிருக்கட்டும்" என்று கேட்பது பிடிவாதம் அன்று, உரிமை.

ரமளானில் நிலைமை வேறு விதம். சர்க்கரை நோயுள்ள நம் பெரியவர்கள் பலர், திட்டுவார் என்று அஞ்சி, நோன்பு வைப்பதையே மருத்துவரிடம் மறைக்கிறார்கள். "நோன்பு வைப்பீர்களா, ஸஹர் எத்தனை மணிக்கு?" என்று மருத்துவரே முன்வந்து கேட்டால், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தர முடியும். அப்படிக் கேட்கும் மருத்துவர்கள் நம் வட்டாரத்தில் உண்டு; அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் இங்கு நம் குற்றமும் இருக்கிறது. நோயாளிக்கு நோன்பில் உள்ள சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாக்கியிருக்க, சிறுநீரகம் பழுதான ஒருவர் நோன்பு வைப்பதை வீரமாகப் பேசும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. மருத்துவர் திட்டினால் தவறென்ன?

விபத்தில் இறந்தவரின் ஜனாஸாவைப் பெறுவதற்கு இரவு முழுதும் காத்திருந்த துயரமும் நமக்குண்டு. 2021 நவம்பரில் ஒன்றியச் சுகாதார அமைச்சகம், தக்க வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் உடற்கூறு ஆய்வு செய்யலாம் என அனுமதித்தது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. உறுப்பு தானத்தை முன்னிட்டு வந்த அனுமதியேயாயினும், விரைவாக அடக்கம் செய்ய விரும்பும் நமக்கும் அதனால் பயன் உண்டு. ஜமாஅத் நிர்வாகிகள் இதை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் நமக்காக நாம் கேட்பவை. கேட்பதில் தவறில்லை. ஆனால் அன்று அந்த இளைஞரைப் பார்த்த பின் நம்மை உறுத்துவது வேறொன்று. பெருந்துறை சிப்காட்டிலும், சித்தோடு, குமாரபாளையம் பகுதிச் சாயப்பட்டறைகளிலும் தறிக்கூடங்களிலும் வட மாநிலத்தவர் நம்மைச் சுற்றிலும் வாழ்கிறார்கள். மருத்துவமனையில் அவர்கள் ஊமையாகிறார்கள். நம்மில் பலருக்கோ உருது வீட்டுமொழி. தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட நம் பிள்ளைகளும் ஆலிம் படிப்பில் உருது நூல்களைப் புரட்டுகிறார்கள். பேசும்போது இந்தியும் உருதுவும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்குகின்றன என்பது நமக்குத் தெரியும். கடைத்தெருவில் உருது பேச நாணும் நம் இளைஞர்களுக்கு, அந்த மொழி ஓர் உயிரைக் காக்கும் என்று நாம் ஒருபோதும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் மொழிகளின் வேறுபாட்டை அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) சில வாரங்களுக்குள் அதைக் கற்றுத் தேர்ந்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் மக்களுக்கும் இடையே அபூ ஜம்ரா மொழிபெயர்த்து வந்தார்கள். தீர்ப்பு வழங்குபவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதுமா என்பதை இமாம் புகாரி தனித் தலைப்பிட்டே ஆராய்கிறார்கள். ஒருவர் சொல்லை மற்றொருவரிடம் சேர்ப்பதை நம் முன்னோர் அவ்வளவு கவனத்துக்குரிய அமானிதமாகக் கருதினர்.

ஆகவே இந்தப் பணிக்குச் செல்வோர் சில வரம்புகளைப் பேண வேண்டும். நோயாளி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். கெட்ட செய்தியை மென்மைப்படுத்துகிறோம் என்று மறைக்கக் கூடாது. கேட்டதை டீக்கடையில் பேசக் கூடாது. புரியாத மருத்துவச் சொல் வந்தால் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லும் துணிவு வேண்டும், இதுவே கடினம். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பம் வாங்கும் இடத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. நோயாளி விளங்கிக்கொண்டு தாமே தருவதுதான் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த ஒப்புதலையே நீதிமன்றம் ஏற்கவில்லை. கணவர் கையெழுத்திட்டால் போதும் என எண்ணும் நம் வீட்டாரும் இதைக் கவனிக்கட்டும்.

பிரசவ அறைக்குள் நாம் செல்ல இயலாது. வடக்கிலிருந்து குடும்பத்தோடு வந்துள்ள பெண்கள் வலியில் சொல்வதை மொழிபெயர்க்க நிஸ்வான் மத்ரஸாக்களில் பயின்ற சகோதரிகளே முன்வர வேண்டும். காயமுற்றோரைக் கவனித்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் மஸ்ஜிதுன் நபவியிலேயே இருந்தது என்று மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறோமே, அந்தப் பாடம் நடைமுறைக்கு வர இது நல்ல வாய்ப்பு.

"அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லவே" என்று ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேசும் நபிமொழிகளில் அப்படி ஒரு நிபந்தனையை நாம் கண்டதில்லை. "இது அரசின் வேலை அல்லவா?" என்று வேறொருவர் கேட்டார். ஆம், அரசின் வேலைதான். விபத்தில் சிக்கியவர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது. அத்தகைய அரசிடம் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், கேட்போம். ஆனால் இன்றிரவு தலையில் அடிபட்டு வருபவர் அந்த அரசாணை வரும்வரை காத்திருக்க மாட்டார்.

சென்ற மாதம் ஜும்ஆவுக்குப் பின் இதைப் பேசியபோது ஆறு பேர் பெயர் கொடுத்தனர். அவர்களுள் இருவர் பெண்கள். அவர்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு மருத்துவமனைகளின் வரவேற்பு மேசையில் ஒட்டச் செய்திருக்கிறோம். இதுவரை நான்கு அழைப்புகள் வந்தன. அவற்றுள் ஒன்று வங்காளம் மட்டுமே அறிந்த ஒரு பெண்ணுக்காக வந்தது. நம் உருது அங்கே பயன்படவில்லை. வங்காளமோ ஒடியாவோ அறிந்தவர்கள் பவானி, ஈரோடு வட்டாரத்தில் இருப்பின், எந்தச் சமயத்தவராயினும், மஃரிபுக்குப் பின் மத்ரஸாவுக்கு வந்து நம்மைச் சந்திக்க வேண்டுகிறோம்.