சோர்ந்த போதகர் பாவியா?

"பாஸ்டருக்கு அபிஷேகம் குறைஞ்சு போச்சு." ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்திலேயே தீர்ப்பு சொல்லப்பட்டுவிடுகிறது. நாலு வாரமாகப் பிரசங்கத்தில் குரல் எழும்பவில்லை, வீடு சந்திக்க வரவில்லை, ஜெபத்தில் நா தழுதழுக்கிறது. உடனே காரணம் தேடுகிறார்கள்: மறைவான பாவம், விசுவாசக் குறைவு, பிசாசின் கட்டு. இடுக்கி மலையில் எஸ்டேட் லயங்களை ஒட்டிய சிறு சபையானாலும் சென்னையின் பெரிய ஜெபக்கூடமானாலும் நம்பிக்கை ஒன்றுதான்: மெய்யான ஊழியன் சோர்ந்துபோக மாட்டான்.

இது பொய். வேதத்துக்கும் விரோதம், திருச்சபை வரலாற்றுக்கும் விரோதம்.

கர்மேலில் வானத்து அக்கினியைக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறார். வந்த தூதன் பாவ அறிக்கை கேட்கவில்லை. கட்டு அறுக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டார், மறுபடி படுத்தார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேபுக்கான பயணமும் கர்த்தரின் கேள்வியும் அதற்குப் பிறகுதான்.

வரலாற்றுக்கு வெளிநாடு போகவேண்டாம். இடுக்கி மலைகளும் அடங்கியிருந்த பழைய திருவிதாங்கூரின் தென்கோடியில், மயிலாடியில், 1809இல் ஆலயம் எழுப்பியவர் மிஷனரி ரிங்கெல்தௌபே. 1797இல் கல்கத்தாவுக்கு வந்து, மனம் உடைந்து, இரண்டே ஆண்டில் ஊர் திரும்பியவர் அவர். இன்றைய அளவுகோலில் அன்றே 'அழைப்பு இல்லாதவர்' ஆகியிருப்பார். 1804இல் அவரே மறுபடி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். பத்தாண்டுப் பணியில் உடல்நலம் கெட்டது. 1816இல் சபைப் பொறுப்பை உள்ளூர் விசுவாசி மகராசன் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். அவருடைய முடிவு இன்றுவரை தெரியாது. அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வரும்வரை வேதமாணிக்கமே சபையைத் தாங்கினார். தென்னிந்தியத் திருச்சபையின் இன்றைய கன்னியாகுமரிப் பேராயத்துக்கு அந்த மயிலாடிதான் தாய்மடி.

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் களக்காட்டில் விழுந்து அடிபட்டார். சுற்றியிருந்தோர் விடாமல் ஜெபித்தும் அவர் பழையபடி நடமாடவில்லை. 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். 'விசுவாசித்தால் எழுந்திருக்கலாம்' என்போர் அந்த இருபது ஆண்டுகளுக்கு என்ன விளக்கம் சொல்வார்கள்? நோயாளிகளுக்காக அவர் நூல் எழுதியது அந்தப் படுக்கையிலிருந்துதான்.

எப்பொழுதும் சந்தோஷமாயிருக்கும்படி பவுல் கட்டளையிடவில்லையா என்று கேட்பார்கள். கட்டளையிட்டார்; காவலில் இருந்துகொண்டே எழுதினார். ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகுமளவுக்குப் பாரம் அழுத்தியது என்று கொரிந்தியருக்கு இரண்டாம் நிருபத்தில் ஒளிக்காமல் எழுதியவரும் அதே பவுல்தான். பாவத்தை மறைத்ததால் உள்ளம் வறண்ட தாவீதும் வேதத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாவமே செய்யாமல் புலம்பிய யோபுவும் உண்டு. வெளியிலிருந்து பார்த்துக் காரணம் கண்டுபிடித்த யோபின் சிநேகிதர் மேல்தான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது.

இந்தத் தவறான நம்பிக்கை செய்யும் கேடு பெரிது. சோர்ந்த போதகர் வாயைத் திறக்கப் பயப்படுகிறார். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சபையார் கண்ணில் படாமல் பீரோவுக்குள் ஒளிக்கிறார். தூக்கம் கெட்டவரை இன்னும் மூன்று நாள் உபவாசத்துக்கு உட்கார வைக்கிறார்கள். போதகரின் மனைவியோ அடுத்த வீட்டாரிடம்கூட அழ முடியாது. மறுநாளே அது சாட்சிக் குறைவாகிவிடும்.

விசுவாசத்தில் நிலைநிற்பது என்றால் கலங்காமல் இருப்பது அல்ல. கலக்கத்தோடும் தேவனை விட்டு விலகாமல் இருப்பது. அப்படி நிற்பவரைத் தாங்குவது சபையின் கடமை. சபைக் கமிட்டிகள் ஆண்டறிக்கையில் காணிக்கைக் கணக்கைப் பார்ப்பதுபோலப் போதகரின் ஓய்வுநாள் கணக்கையும் பார்க்கட்டும். வாரத்தில் ஒரு நாளும், ஆண்டில் ஒரு மாதமும் அவரை எந்த வேலைக்கும் கூப்பிடக்கூடாது. பேராயங்களும் ஸ்தாபனங்களும் இடமாற்றத்தைக் காட்டிப் பயமுறுத்தாத மூத்த போதகர் ஒருவரை, சோர்ந்த போதகர்கள் மனம்விட்டுப் பேசுவதற்கென்றே நியமிக்க வேண்டும். மனநல மருத்துவரிடம் போக வேண்டியவரைக் கூடவே அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டுங்கள். கமிட்டி அடுத்த முறை கூடும்போதே இதையெல்லாம் தீர்மானமாக எழுதலாம்.